வாசலில் முதல் வரிசை

நாளைக் காலையில் எந்தப் பொம்பளையும் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது என்று பைப்படியில் முடிவானபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயத்தால் இல்லை. உடம்பில் சாமி இறங்குவதற்கு முன்னால் வருமே, அந்தச் சிலிர்ப்பு.

"அடுப்பு இல்லன்னா டீத்தண்ணி?" என்றாள் முத்தாயி. லயத்து வரிசை வீட்டில் அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர்தான். நான் தும்மினால் அவள் நூறு என்பாள்.

"டீத்தண்ணி இல்ல."

"புள்ளைங்க?"

"அதான் வீட்டுக்கு வீடு ஆம்பள ஒருத்தன் படுத்துக் கெடக்கானே."

முத்தாயி சிரித்த சிரிப்பில் குடத்துத் தண்ணீர் பாதி அவள் காலிலேயே ஊற்றியது. "எம் புருசன் புள்ளையத் தூக்குனா தல எந்தப் பக்கம், காலு எந்தப் பக்கம்னு நாமதான் சொல்லணும் லா."

எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. செய்யப் போவது சின்னக் காரியம் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

விஷயம் இதுதான். மறுநாள் சனிக்கிழமை. அதோடு என் பால்வெட்டுக் கத்தி போய்விடும்.

எங்கள் பாறைமேட்டு ரப்பர்த் தோட்டம் மலாயாவில், மலாக்கா பக்கம் டுரியான் துங்காலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுக்காரர்களுக்கு நாங்கள் அரிசி கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம் என்று, போன வருஷம் லயங்களைச் சுற்றி முள்ளுக்கம்பி வேலி போட்டார்கள். ஒரே ஒரு வாசல். விடியுமுன் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டு மணி அடித்ததும் வாசல் திறக்கும். வேலைக்குப் போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்து, மடியில் அரிசி இல்லை, வாளியில் மாவு இல்லை என்று தெரிந்த பிறகுதான் வெளியே விடுவார்கள். ஆம்பளைகளை மலாய்க்கார போலீஸ் தடவும். பொம்பளைகளைத் தடவ போலீஸ்காரர் ஒருவரின் பெண்டாட்டி இருந்தாள், காக் மினா என்று. நல்ல மாதிரி. ஆனால் எங்களுக்குக் கொண்டை இருக்கிறது, முந்தானை இருக்கிறது, தலைத்துண்டு இருக்கிறது. ஆளுக்கு ஆள் நேரம் பிடிக்கும். ஆம்பளைகள் அத்தனை பேரும் போய் முடித்த பிறகுதான் எங்கள் வரிசையே நகரத் தொடங்கும்.

ரப்பர் மரம் குளிருக்குத்தான் பால் கொடுக்கும். வெளிச்சம் வரும்போது கத்தி மரத்தில் இருக்க வேண்டும். வெயில் ஏறி விட்டால் பட்டையை எவ்வளவு பக்குவமாகச் சீவினாலும் பால் நாலு சொட்டு சொட்டி நின்றுவிடும். எனக்குப் பிரித்துவிட்ட மர வரிசை, என் நெரை, மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நான் வாசலைத் தாண்டி, மேடு ஏறி, முதல் மரத்தில் கத்தி வைக்கும்போது முதுகில் வெயில் சுடும். ஆம்பளைகள் அதற்குள் பாதி நெரையை முடித்திருப்பார்கள்.

வேலி வருவதற்கு முன்னால் இந்தத் தோட்டத்தில் என் வாளிதான் நிறையும். என் புருசன் மருதமுத்துவின் வாளியைவிட. அவனே ஒத்துக்கொள்வான், கள்ளு உள்ளே போயிருந்தால்.

வேலி வந்த பிறகு பால் குறைந்தது. எனக்கு மட்டும் இல்லை, எல்லாப் பொம்பளைக்கும். எங்களை வேலை வாங்குகிற மண்டோர் சின்னத்தம்பி அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். "பொம்பளைங்க கை ஸ்லோவாயிருச்சு" என்றார். பால் கொட்டாயில் நிறுக்கும்போது தினமும் அதையே சொன்னார். போன வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ராமாத்தா, உன் நெரையப் பத்தி மேல கேக்கறாங்க. சனிக்கிழமையோட கத்தியக் குடுத்துரு. முனியாண்டி மச்சான் நாகமுத்து சும்மாதான் இருக்கான், அவன் வெட்டட்டும். நீ புல்லு வெட்டப் போ."

"என் கையில என்ன கொறை மண்டோரே?"

"கையில கொறை இல்லன்னா வாளியில ஏன் கொறை?"

எனக்குப் பதில் தெரிந்தது. சொல்வதற்குள் அவர் போய்விட்டார்.

கத்தி என்றால் வெறும் இரும்பு என்று நினைக்கக் கூடாது. பால்வெட்டுக்காரி என்றால் தோட்டத்தில் ஒரு ஆள். புல் வெட்டுகிறவள் குனிந்த தலை நிமிராமல் கிழடாகிப் போவாள். என் அம்மா அப்படித்தான் போனாள். நான் சின்ன வயதிலேயே களவாகக் கத்தி பிடித்துப் பழகி, பட்டையில் காயம் படாமல் சீவக் கற்று, இந்த நெரையை வாங்கினேன். அதை நாகமுத்துவிடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

யூனியன் கூட்டத்தில் கேட்டேன். எங்கள் யூனியன் கிளைக்குச் செயலாளர் தம்புசாமி அண்ணன். மலாக்காவில் பெரிய கூட்டம் நடந்தால் அவரைத்தான் மேடை ஏற்றுவார்கள். ஒரு தடவை நாங்கள் எல்லாரும் லாரியில் போய்க் கேட்டோம். பெண்ணுரிமை பற்றித்தான் பேசினார். பெண்ணை அடிமையாக வைத்திருக்கும் சமுதாயம் உருப்படாது என்று அவர் மைக்கில் சொன்னபோது நானும் கை வலிக்கத் தட்டினேன். லாரியில் திரும்பி வரும்போது அவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். அவர் பெண்டாட்டி பின்னால் எங்களோடு நின்றுகொண்டு வந்தாள்.

கூட்டத்தில் நான் எழுந்து, "அண்ணே, ஒரு நாளைக்கு ஆம்பளைங்க முதல்ல போகட்டும், ஒரு நாளைக்கு நாங்க முதல்ல போறோம். வாசல்ல அப்படி ஏற்பாடு பண்ணுங்க" என்றேன்.

"அது நம்ம கையில இல்ல ராமாத்தா. சர்க்கார் ரூலு. அவசரச் சட்டம். ஆம்பளைங்க முதல்ல, பொம்பளைங்க பொறவு."

"அந்தச் சட்டத்த மாத்தச் சொல்லிக் கேட்டா என்ன?"

பின்னாலிருந்து நாகமுத்துவின் மச்சான் முனியாண்டி, "அவ கத்தி போகுதுல்ல, அதான் வாய் வருது" என்றான். தம்புசாமி அண்ணன் கையைக் கூப்பினார். "பெண்ணுரிமைக்காரி வந்துட்டாங்க. எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கப்பா."

கூட்டமே சிரித்தது. மருதமுத்துவும் சிரித்தான். நான் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அந்தச் சொல் நெஞ்சில் மீன்முள் மாதிரி குத்திக்கொண்டு நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனசில்லை. அவர் மேடையில் சொன்னபோது கைதட்டல் வாங்கின அதே சொல், என் மேல் ஒட்டினதும் எப்படிச் சிரிப்பாகிப் போனது?

அப்புறம்தான் பைப்படிப் பேச்சு. சட்டம் இருந்தால் இருக்கட்டும், மீறிப் பார்ப்போம் என்றேன். நாங்கள் ஏன் எப்போதும் கடைசியில் வருகிறோம்? அடுப்பு, டீ, பிள்ளைக்குப் பாட்டில், பிள்ளையை ஆயா கொட்டாயில் விடுவது. அதெல்லாம் இல்லையென்றால் நாங்கள்தான் முதலில் நிற்போம். சாயங்காலம் தண்ணீர் குடத்தோடு வாசல் பக்கம் போய்க் காக் மினாவிடமும் சொல்லி வைத்தேன். அவள் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

மருதமுத்துவிடமும் மறைக்கவில்லை. "காலையில நான் நேரா வாசலுக்குப் போறேன். புள்ள கோமளாவ நீ பாத்துக்க."

"சரி சரி" என்றான். நம்பவில்லை.

சனிக்கிழமை விடியுமுன் எழுந்தேன். வாளியும் கத்தியும் தலைத்துண்டும் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தால், லயம் நெடுக ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒரு கூரையிலும் புகை இல்லை. இந்தத் தோட்டத்தில் புகை இல்லாத விடியலை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வாளிக் கைப்பிடிகள் கிணுகிணு என்று சத்தம் போட்டன. முத்தாயி என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், அவள் நகம் என் ரவிக்கைக்குள் இறங்கியது. வாசலுக்குப் போய் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நின்றோம். நான் முதலில்.

வாசலில் இருந்த போலீஸ்காரர் பையன் மாதிரி இருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார். இருட்டில் கூட்டம் கூடினால் சுடலாம் என்று அப்போது உத்தரவு. "அப்பா இனி?" என்று மலாயில் கேட்டார், என்ன இது என்று. "வேலைக்குப் போறோம்" என்றேன். அவர் விசில் ஊதினார்.

அதற்குள் லயத்தில் கூப்பாடு கிளம்பியது. முதலில் ஒரு பிள்ளை அழுதது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் லயமே ஒரு பிள்ளையாகி அழுதது. ஆம்பளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். முனியாண்டி ஒரு பிள்ளையைக் கக்கத்தில் பலாப்பழம் மாதிரி இடுக்கிக்கொண்டு வந்தான். மருதமுத்து சட்டையைப் புரட்டிப் போட்டிருந்தான். கோமளா அவன் தோளில் மூக்கு ஒழுக அழுதாள்.

"ஏ புள்ள, பாட்டில் எங்க வச்ச?"

"அடுப்புக்குப் பக்கத்துல."

"அடுப்புல நெருப்பு இல்லியே."

"பத்த வச்சா வரும்."

வரிசையில் கடைசிவரை சிரிப்பு ஓடியது. அந்த நேரத்தில்தான் ஜீப் வந்து நின்றது.

இறங்கினவர் போலீஸ் லெப்டினன்ட் தொரை. சின்ன வயசு, முகம் வெந்த இறால் மாதிரி சிவப்பு, தாடி மழிக்கவில்லை. பின்னால் ஒரு மலாய் சார்ஜன். தமிழும் இங்கிலீஷும் பேச எங்கள் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கணேசலிங்கம் ஐயாவைப் படுக்கையிலிருந்து இழுத்து வந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். எந்த நாளும் டை கட்டாமல் வெளியே வராதவர், அன்றைக்குக் கைலியோடு நின்றார்.

"ஆர் தலைவி எண்டு கேக்கிறார்."

யாரும் தலைவி இல்லை. ஆனால் வரிசையில் முதலில் நிற்கிறவள் நான்தான். "நான்" என்றேன்.

"ஆர் உங்களை ஏவி விட்டது?"

"யாரும் இல்ல ஐயா. நாங்களாத்தான் வந்தோம்."

"காட்டுப் பக்கத்து ஆக்கள் ஆரும் வந்து கதைச்சவையோ?"

"எங்க வாளியில பால் கொறையறத காட்டுல இருந்து வந்து சொல்லித்தான் நாங்க தெரிஞ்சிக்கணுமா?"

கிராணி ஐயா என்னை ஒரு பார்வை பார்த்தார். "இதை அப்பிடியே சொல்லட்டோ?"

"அப்படியே சொல்லுங்க."

சொன்னார். தொரையின் முகம் இன்னும் சிவந்தது. அவர் கேட்டதைக் கிராணி ஐயா மெல்லத் திருப்பினார். "உங்களுக்கு இப்ப என்ன வேணுமாம்?"

சட்டத்தை எதிர்த்து வாயைத் திறக்கிறேன், இந்த ஜீப்பிலேயே ஏற்றிவிடுவார்கள், கோமளா என் முகத்தையே மறந்துவிடுவாள் என்றெல்லாம் ஓடியது. ஆனால் பின்னால் முத்தாயியின் மூச்சு என் பிடரியில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது.

"சர்க்கார் ரூல மாத்தணும். ஆம்பளைங்க முதல்ல, பொம்பளைங்க பொறவுங்கிற ரூல."

கிராணி ஐயா சொன்னதும் தொரை புருவத்தைச் சுருக்கினார். சார்ஜனைப் பார்த்தார். சார்ஜன் வாசல் போலீஸ்காரரைப் பார்த்தார். போலீஸ்காரர் தலையை ஆட்டினார், இல்லை என்று. மூன்று பேரும் ஏதோ பேசினார்கள். கிராணி ஐயா கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அப்பிடி ஒரு சட்டமும் இல்லையாம்."

"என்னங்கய்யா?"

"இல்லவே இல்லையாம். ஆர் முதல் வந்து நிக்கினமோ அவையைத்தான் முதல் விடுறதாம். நீங்கள்தான் ஒவ்வொரு நாளும் ஆம்பிளையளுக்குப் பின்னால வந்து நிண்டனீங்கள். அதுதான் உங்கட வழக்கம் எண்டு அவை நினைச்சுப்போட்டினம்."

எனக்குக் காதுக்குள் குப் என்று அடைத்தது. வேலி போட்ட முதல் நாள் ஞாபகம் வந்தது. வாசலைத் திறந்தார்கள். மாரியம்மன் கோயிலில் திருநீறு வாங்கப் போகிற மாதிரி ஆம்பளைகள் முன்னால் போனார்கள். நாங்கள் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னால் நின்றோம். யாரும் சொல்லவில்லை. மறுநாளும் அப்படியே நின்றோம். ஒரு வாரத்தில் அது வழக்கம், ஒரு மாதத்தில் சட்டம். வெள்ளைக்காரன் போடாத சட்டத்தை நாங்களே போட்டுக்கொண்டு, அதற்குத் தினமும் பால் அளந்திருக்கிறோம்.

நான் திரும்பித் தம்புசாமி அண்ணனைப் பார்த்தேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. அவர் கையில் இருந்த பிள்ளைக்கு அவசரமாக மூக்குத் துடைத்தார்.

தொரை இன்னும் விடவில்லை. சட்டம் இல்லை என்றால் இருட்டில் ஏன் கூட்டம்? அவருக்கு அது இடித்தது. கிராணி ஐயா குரலைத் தாழ்த்தினார். "நீ எந்தப் பகுதி எண்டு கேக்கிறார். கம்யூனிஸ்டோ?"

"இல்ல."

"யூனியன்காரியோ?"

நான் வாயைத் திறப்பதற்குள், தம்புசாமி அண்ணன் இங்கிலீஷில், "நோ சார், நாட் யூனியன் சார்" என்றார்.

"அப்ப நீ ஆர்? ஏதேனும் ஒண்டைச் சொல்லு பிள்ளை. ஒண்டும் இல்லை எண்டால் இவர் கம்யூனிஸ்டு எண்டுதான் வைப்பார்."

அந்தக் காலத்தில் அப்படித்தான். ஒரு ஆள் ஏதாவது ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். நான் என்ன? பால்வெட்டுக்காரி என்று சொல்லலாம், இன்றைக்கு மத்தியானத்தோடு அது இல்லை. மருதமுத்து பெண்டாட்டி என்று சொல்லலாம், அவன் என்னைத் தெரியாதவன் மாதிரி வேலிக் கம்பியில் முள் எண்ணிக்கொண்டிருந்தான். யூனியன் கையைக் கழுவிவிட்டது. நெஞ்சில் நின்ற முள் ஒன்றுதான் மிச்சம். இழுத்து வெளியே போட்டேன்.

"பெண்ணுரிமைக்காரி."

"என்னது?"

"நான் பெண்ணுரிமைக்காரின்னு சொல்லுங்க."

சொன்னதும் உடம்பு முழுக்க ஜிவ்வென்றது. ஆம்பளைகள் பக்கம் ஒருத்தன் களுக் என்று சிரித்து, கூடச் சிரிக்க ஆள் இல்லாமல் நிறுத்திக்கொண்டான்.

"அது என்ன கட்சி?" என்றார் கிராணி ஐயா.

"கட்சி இல்லீங்கய்யா. ஆம்பளைக்குக் கெடைக்கிற விடியக்காலக் குளுமை எனக்கும் வேணும்னு கேக்கறவ."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தொரையிடம் நீளமாகச் சொல்லி, கடைசியில் ஒரு சொல்லை அழுத்திச் சொன்னார். ஃபெமினிஸ்ட் என்று காதில் விழுந்தது. தொரை ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு சார்ஜனிடம் ஏதோ கேட்டார். சார்ஜன் விறைப்பாக நின்று, "தாக் அடா, துவான்" என்றார்.

"என்ன கேட்டாரு?"

"அதுக்குத் தடை ஏதும் இருக்கோ எண்டு கேட்டவர். இல்லையாம்."

தொரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்க வானத்தைப் பார்த்தார். கிழக்கே சாம்பல் வெளுத்துக்கொண்டிருந்தது. பெரட்டு மணி அடித்தது. அவர் வாசலைக் காட்டிக் கையை அசைத்தார்.

காக் மினா குடிசையிலிருந்து தலைமுடியை முடிந்துகொண்டே வந்தாள். "லாமா துங்கு லா" என்றாள், ரொம்ப நாளா காத்திருக்கேன் என்று. என் மடியைத் தடவினாள், கொண்டையைத் தொட்டாள், முதுகில் ஒரு தட்டுத் தட்டி வெளியே தள்ளினாள்.

நான் நடக்கவில்லை, ஓடினேன். வாளி தொடையில் இடிக்க, பனியில் கால் வழுக்க மேடு ஏறினேன். பின்னால் முத்தாயியும் மற்றவர்களும் ஓடி வருகிற சத்தம் கேட்டது. எவளோ குலவை போட்டாள். மரங்கள் கருப்பாக, ஈரமாக நின்றன. முதல் மரத்தில் கத்தி வைத்துச் சீவினேன். பால் வெள்ளையாகப் பொங்கிக் கோட்டில் இறங்கி, மரத்தில் கட்டியிருந்த மங்குக் கிண்ணத்தில் விழுந்தது. டொக், டொக், டொக். நிற்கவில்லை. அடுத்த மரம். அடுத்த மரம். திரும்பிப் பார்த்தால் முதல் மரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அழுதுகொண்டே சீவினேன் என்று முத்தாயி பிறகு சொன்னாள். வேர்வை என்றேன்.

மத்தியானம் பால் கொட்டாயில் நாகமுத்து சாணைக்கல்லும் கையுமாகத் தயாராக நின்றான். என் வாளியைத் தராசில் ஏற்றினார்கள். மண்டோர் சின்னத்தம்பி முள்ளைப் பார்த்தார். வாளியை இறக்கி, இன்னொரு தடவை ஏற்றச் சொன்னார்.

"தண்ணி ஊத்தினியா?"

"ஆசிட் ஊத்திப் பாருங்க, பால் ஒறையுதா இல்லியான்னு தெரியும்."

முத்தாயி வாளி வந்தது. அதுவும் நிறைந்திருந்தது. அடுத்தவளுடையதும். பிறகு ஆம்பளைகள் வந்தார்கள். முனியாண்டி வாளியில் அடி தெரிந்தது.

"இன்னிக்கு மரம் சரியில்ல மண்டோரே" என்றான்.

"மரம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் முத்தாயி. "ஆம்பளைங்க கை ஸ்லோவாயிருச்சு லா."

கொட்டாயே இடிகிற மாதிரி பொம்பளைகள் சிரித்தார்கள். மண்டோர் சிரிக்கவில்லை. "ஒரு நாளு பால வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ராமாத்தா, கத்திய எடு."

நான் கத்தியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "பால் கொறஞ்சா கத்தியக் குடுக்கணும்னு சொன்னது நீங்கதானே? இன்னிக்கு யாருக்குக் கொறஞ்சிருக்கு?"

அவர் முனியாண்டியைப் பார்த்தார். முனியாண்டி தன் மச்சானைப் பார்த்தான். மச்சான் சாணைக்கல்லைப் பார்த்தான்.

"முனியாண்டி கத்திய மொதல்ல வாங்குங்க, பொறவு என்கிட்ட வாங்க" என்றேன். "வேலிக்கு முந்தி என் வாளி எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா மண்டோரே? நீங்கதானே எடை போட்டீங்க?"

மண்டோர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "நாகமுத்து" என்றார் கடைசியில், "திங்கக்கெழமை புல்லுவெட்டுல ஆள் கொறையுது. அங்க போ."

சாயங்காலம் தம்புசாமி அண்ணன் லயத்துக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வெளியிலேயே நின்றார். யூனியன் ஒரு யோசனை சொல்லியிருப்பதாகச் சொன்னார். ஒரு நாள் ஆம்பளைகள், ஒரு நாள் பொம்பளைகள், மாறி மாறி.

"இதத்தானே அண்ணே நான் கூட்டத்துல கேட்டேன்? எல்லாரையும் எந்திரிச்சு நிக்கச் சொன்னீங்களே."

அவர் செருப்பால் மண்ணைக் கிளறினார். "சரி விடு. ஆனா ஒண்ணு. அந்தப் பேர இனிமே வெளிய சொல்லாத. அதெல்லாம் படிச்சவங்க பேசற விஷயம். உனக்கு அதோட அர்த்தம் தெரியாது."

"அர்த்தம் தெரியாமத்தான் இருந்தேன் அண்ணே. நீங்க மைக்குல சொன்னப்ப தெரியல, கேலி பண்ணினப்பவும் தெரியல. காலையில மொத மரத்துல பால் ஓடுச்சு பாருங்க, அப்பத் தெரிஞ்சுது." அவர் போகத் திரும்பினார். "நீங்க மேடையில பேசறப்ப அந்தப் பேரு உங்களுக்கு. வாசல்ல நிக்கறப்ப எனக்கு. இனிமே அத நான் வச்சிக்கிறேன்."

முத்தாயி பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "எனக்கும் ஒண்ணு எடுத்து வையி" என்றாள்.

மருதமுத்து உள்ளே அடுப்படியில் கோமளாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காலையில் ஊதி ஊதி அவன் புருவத்தில் சாம்பல் படிந்திருந்தது, இன்னும் துடைக்கவில்லை.

"திங்கக்கெழமை யாரு மொதல்ல?" என்றான்.

"நாங்கதான். இன்னிக்கு நின்னது கணக்குல சேராது."

அவன் கோமளாவின் தலையைத் தடவிக்கொடுத்தான். "எல்லார் முன்னாடியும் நீ பேசுனப்ப எனக்குப் பயமாப் போச்சு புள்ள."

"பாத்தேன். முள்ளு எண்ணிட்டிருந்த."

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு எழுந்து, பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"இத எப்படிக் கழுவறது? உள்ள கை போகல."

நான் கத்தியைச் சாணையில் தீட்டிக்கொண்டே சொன்னேன். "குச்சியில துணி சுத்தி வுடு. சுடுதண்ணி ஊத்து. போட்டு ஒடச்சிறாத, ஒண்ணுதான் இருக்கு."